லவினாவின் ஹெசரு

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் சந்தின் கடைசி வீட்டில் ஒரு மழைக்காலத்தில் பூட்டுக்குள் பயறு முளைத்தது. ஈரக் கையோடு கதவைப் பூட்டிய மனிதர் விரலில் ஒட்டியிருந்த ஒரு பச்சைப்பயறையும் சாவியோடு சேர்த்து உள்ளே தள்ளிவிட்டார். மூன்று நாள் விடாத தூறல். வெளியூர் போயிருந்தவர் நாலாம் நாள் வந்து பார்த்தால் சாவி நுழையவில்லை. பூட்டுக்காரரைக் கூட்டிவந்து கழற்றினால், துவாரத்துக்குள் இரண்டு இலையோடு ஒரு செடி, வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையை நான் பல வருஷமாகச் சொல்லிவருகிறேன். அந்த வீட்டு லவினா நன்றாக இருந்த காலத்தில் சரியாக இந்த இடத்தில் குறுக்கே வருவாள். "டீச்சரக்கா, போன வாட்டி ஷூவுக்குள்ளன்னு சொன்னீங்க" என்பாள். அவள் சொன்னதுதான் சரி. முளைத்தது அவள் புருஷனுடைய பழைய ஷூவுக்குள். பூட்டை நான் சேர்த்தேன். ஷூவுக்குள் முளைத்ததைச் சொன்னால் யாரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பதில்லை.

இனிமேல் சொல்லப்போவதில் பூட்டு எதுவும் கிடையாது.

லவினாவின் புருஷன் பெயர் கிளாரன்ஸ். இந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் பக்கம் யாருக்கும் சட்டென்று ஆள் தெரியாது. மொளகே அங்கிள் என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். முளைக்குக் கன்னடத்தில் மொளகே. அந்தப் பெயர் வருவதற்கு முன்னால், ஓசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் அவர் முப்பது வருஷம் வெங்காயம் நறுக்கினார். அங்கே எல்லாரும் அவரை சீஃப் என்று கூப்பிட்டார்கள். கேலிதான். அவருக்கு மேலே நாலு சமையல்காரர்கள் இருந்தார்கள். தொழிற்சாலையை மூடி, அந்த இடத்தில் இருபது மாடி எழும்பிய பிறகு சீஃப் வீட்டில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் இல்லை. பேசிச் சண்டை போடவும் அவருக்குத் தெரியாது. ஒரு மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயறு முளைகட்டி விற்கலாம் என்பது லவினாவின் யோசனை. அது ஒரு தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் கவுச்சி கூடாதென்று அவள் ஒரு கிண்ணம் முளைப்பயறில் தேங்காய் துருவிப் போட்டுக் கோயிலுக்கு எடுத்துப்போனாள். பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் ஆளுக்கு ஒரு கை அள்ளிவிட்டு, எங்கே வாங்கினாய் என்று கேட்டார்கள். ஈஸ்டருக்குள் வீட்டில் பத்துப் பாத்திரம் ஊறியது. தொம்மலூரில் ஐ.டி. பிள்ளைகள் தங்கும் விடுதிகளில் இரண்டு, ஒரு உடற்பயிற்சிக் கூடம், பூங்காவில் காலை நடக்கிறவர்கள் என்று வாடிக்கை சேர்ந்தது. கிளாரன்ஸ் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பார். தண்ணீர் பிடிப்பதும் சுமப்பதும் அவர் வேலை. பயறைத் தொடுவது மட்டும் லவினா.

அவள் கை அப்படி. காவேரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அதில்தான் ஊறவைப்பாள், போர்வெல் தண்ணீரில் முளை கசக்கும் என்பாள். எட்டு மணி நேரம் ஊறியதும் வடித்து, புருஷனின் பழைய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிடுவாள். துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக்கூடாது. காலையில் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் மூட்டையை அவிழ்க்காமலே தண்ணீரில் அலசி மறுபடி கட்டுவாள். மூக்கை வைத்துப் பார்த்தே இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுவாள். ஊறவைத்த நாளையும் சேர்த்து மூன்று நாள்தான் அவள் கணக்கு. மூணாம் நாள் முளைக்காதது அப்புறம் முளைக்காது, அழுகும் என்பது அவள் தீர்ப்பு. விற்பதற்கு முன்னால் தட்டில் கொட்டி, ஊறாமல் கல்லாகக் கிடப்பதைப் பொறுக்குவாள். நடுவில் ஒன்றிரண்டு உளுந்து கலந்திருந்தால், அது முளைவிட்டிருந்தாலும் எடுத்துவிடுவாள். "வேற பயறு" என்று சொல்லி, பக்கத்தில் நிற்கும் கிளாரன்ஸின் உள்ளங்கையில் வைப்பாள். அவர் அதை வாயில் போட்டுக்கொள்வார்.

அவள் பிறந்து வளர்ந்தது மண்டியா பக்கம். அப்பாவுக்கு சர்க்கரை ஆலையில் வேலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். அதனால் பச்சைப்பயறு அவள் வாயில் கடைசி வரை ஹெசரு தான். கன்னடத்தில் அதற்கு ஹெசருகாளு என்று பெயர். தினமும் காலை ஆறு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் எனக்குக் கேட்கும். "ஏங்க, ஹெசரு ஆயித்தா?" பயறு ஸ்கூட்டரில் ஏறியாயிற்றா என்று அர்த்தம். ஏங்க என்பது கிளாரன்ஸ்.

அவரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஏங்க, இந்தாங்க, இங்க பாருங்க, கோபம் வந்தால் இந்த மனுஷன். எங்கள் தலைமுறையில் யார்தான் சொன்னோம். இதை வைத்து ஒருமுறை அவளைச் சீண்டினேன். கல்யாணத்தில் பீடத்துக்கு முன்னால் நின்று பேரைச் சொல்லித்தானே ஆகவேண்டும், இன்னாரை என் கணவராக ஏற்கிறேன் என்று, அப்போது என்ன செய்தாய் என்றேன். கிளாரன்ஸ் பதில் சொன்னார். அவள் அதை அவ்வளவு மெதுவாகச் சொன்னாளாம், சாமியார் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம், இரண்டாம் தடவை யாரோ தும்மிவிட்டார்களாம். "ஆக மொத்தம் நான் கேக்கவே இல்ல டீச்சரக்கா. கேக்காமலே முப்பத்தெட்டு வருஷம் ஓடிருச்சு." லவினா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை துணியின் ஒரு முனையைப் பிடித்தவள் இன்னொரு முனையைத் தேடிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முனை அவள் மடியில்தான் கிடந்தது. வலது கை அதை எடுக்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆட்டோவில் ஏற்றும்போது அவள் புடவையிலிருந்து பயறு உதிர்ந்துகொண்டே போனது, வாசலிலிருந்து சந்து முனை வரைக்கும்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் பேச்சு போய்விட்டது. ஒவ்வொரு முறை நர்ஸ் மாறும்போதும் புது நர்ஸ் குனிந்து, செவிடர்களிடம் பேசுவது மாதிரி சத்தமாகக் கேட்பாள். "அம்மா, ஹெசரேனு? நிம்ம ஹெசரு ஹேளி." உங்கள் பெயர் என்ன, சொல்லுங்கள் என்று. நினைவு இருக்கிறதா என்று பார்க்க அப்படிக் கேட்பது வழக்கமாம். லவினா அந்தப் பெண்ணின் வாயையே பார்ப்பாள். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. பக்கத்தில் நாற்காலியில் இருந்து கிளாரன்ஸ் ஒவ்வொரு தடவையும் அவளுக்காக லவினா, லவினா என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அனுப்பும்போது டாக்டர், ஆறு மாதம் பார்க்கலாம், வருகிற பேச்சு பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும் என்றார். கிளாரன்ஸ் வீட்டுக்கு வந்து என்னிடம் விரலை மடக்கிக் காட்டினார். இரண்டு மாதம் ஒரு நாள் என்று வைத்தால் ஆறு மாதம் மூன்று நாள். அவள் கணக்கே வந்துவிட்டது என்றார். மூணாம் நாளுக்குள் முளைக்க வேண்டும்.

வியாபாரத்தை நிறுத்திவிட்டார். பயறு மூட்டைகள் மூலையில் கிடந்தன. காலையில் அவளைக் குளிப்பாட்டி, தலை வாரி, ஜன்னல் பக்கம் உட்காரவைப்பார். வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்கு ஆட்டோ. சொல்லிக்கொடுக்கிற பெண் ஸ்ரீரஞ்சனி, சேலத்துக்காரி, பெங்களூருக்கு வந்து ஒரு வருஷம். படம் போட்ட அட்டைகளைக் காட்டி மாடு, குடை, சாவி என்பாள். லவினா அட்டையை வாங்கித் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பாள். நானும் என் பங்குக்குத் தினமும் போய் உட்கார்ந்து பூட்டுக்குள் பயறு முளைத்த கதையைச் சொன்னேன். வேண்டுமென்றே ஒருநாள் பூட்டு, ஒருநாள் டெலிபோன், ஒருநாள் பாதிரியார் காது என்று மாற்றினேன். அவள் திருத்தவில்லை. ஒரு பொய்யை யாரும் திருத்தவில்லை என்றால் அது எவ்வளவு கனமாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பாதிரியார் காதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மதியம் கிளாரன்ஸ் என் வீட்டுக்குள் செருப்போடு வந்துவிட்டார். அவர் செருப்போடு எந்த வீட்டுக்குள்ளும் வருகிற ஆள் இல்லை.

"கேட்டா டீச்சரக்கா. ஹெசரு கேட்டா."

ஓடினேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த லவினா என்னைப் பார்த்து, கோணிய வாயால், ஆனால் தெளிவாகச் சொன்னாள். "ஹெசரு?"

இருக்கு லவினா, மூட்டை நிறைய இருக்கு, எங்கேயும் போகவில்லை என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கிளாரன்ஸ் அதற்குள் மூட்டையைப் பிரித்திருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவர் கையால் ஊறவைத்தார். மூணாம் நாள், ஈஸ்டர் திங்கட்கிழமை, சந்து முழுக்க ஆளுக்கு ஒரு கிண்ணம் வந்தது. பாதி அழுகல் வாசனை. கிண்ணம் காலியாகும்வரை தின்றோம்.

அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்தான். காலையில் கண் விழித்ததும் கிளாரன்ஸைப் பார்த்து, ஹெசரு? சோறு ஊட்டும்போது, ஹெசரு? நான் போனால் என்னைப் பார்த்து, ஹெசரு? அவர் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். சில சமயம் இரண்டு வாய் தின்பாள். பல சமயம் இடது கையால் தள்ளிவிட்டு மறுபடி அதையே கேட்பாள். அவர் தப்பைத் தன் கையில் தேடினார். முளை நீளம் போதவில்லையோ. தண்ணீர் மாறியதோ. போர்வெல் தண்ணீரை நிறுத்தினார், காவேரித் தண்ணீரையும் கொதிக்கவைத்து ஆறவைத்தார். வேட்டித் துணியை அவள் செய்த மாதிரியே கஞ்சி போகத் துவைத்து வெயிலில் காயவைத்தார். சீரகம் அளவு முளை, நெல் அளவு முளை, விரல்கணு அளவு முளை என்று தனித்தனியாகக் கட்டித் தொங்கவிட்டு எது பிடிக்கிறது என்று பார்த்தார். ஜூன் மாதத்துக்குள், நான் இதை நீட்டிச் சொல்லவில்லை, லவினாவை விட நன்றாக முளைகட்டினார். வெள்ளையாக, வழவழப்பில்லாமல், ஒரு கல் இல்லாமல். அவள் தள்ளிவிட்டாள். ஹெசரு? என்றாள்.

அவளுக்கு நாக்கு அப்படி, லேசில் ஒத்துக்கொள்ளமாட்டாள் என்பார் கிளாரன்ஸ். முகத்தில் ஒரு பெருமைகூட இருக்கும். எல்லாம் போனாலும் தொழில் போகவில்லை என்று ஸ்ரீரஞ்சனியிடமும் சொல்லியிருக்கிறார். அவளும் நல்ல அறிகுறி என்று எழுதிக்கொண்டாள். சேலத்துப் பெண்ணுக்கு ஹெசரு பயறு என்று சொன்னால் பயறுதான்.

நான் சேலம் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். இரண்டு மொழியிலும் பரீட்சைத் தாள் திருத்தியிருக்கிறேன். எனக்கும் காது இல்லாமல் போயிற்று.

ஜூலையில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். சிலிண்டர் வந்தது. வழக்கமாக வருகிறவர் வேலையை விட்டுவிட்டார், இவர் புதுசு. நாற்பது வயசு இருக்கும், ராம்நகர் பக்கத்துக் கன்னடம். பில்லைப் பார்த்து லவினா வீடு இதுதானா என்று சத்தமாகக் கேட்டார். கேஸ் கனெக்‌ஷன் அவள் பெயரில். லவினா தன் பெயரைக் கேட்டு, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் வாசலை ஒருமுறை பார்த்தாள். அவர் தோளிலிருந்து சிலிண்டரை இறக்கி உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கிளாரன்ஸ் சமையலறையிலிருந்து அன்றைய கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தார்.

லவினா இடது கையைத் தூக்கி அந்த மனிதரைக் காட்டினாள். "ஹெசரு?" என்றாள்.

அவருக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு அம்மாள் கேட்கிறாள், பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"நன் ஹெசரா? உமேஷ், அம்மா."

என் பெயரா, உமேஷ் என்று. லவினா தலையை ஆட்டினாள். பிப்ரவரியிலிருந்து அவள் தலையை ஆட்டி நான் பார்க்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்ட ஆள் ஆட்டுகிற ஆட்டல். பிறகு கையை அப்படியே திருப்பி, கிண்ணத்தோடு நிற்கிற கிளாரன்ஸைக் காட்டினாள்.

"ஹெசரு?"

கன்னடத்தில் பயறுக்கும் ஹெசரு, பெயருக்கும் ஹெசரு. இந்த ஊரில் நாலு நாள் இருந்தவனுக்குத் தெரியும். வேறு எந்த வீட்டில் கேட்டிருந்தாலும் முதல் நாளே புரிந்திருக்கும். அந்த வீட்டில் பதினைந்து வருஷமாக அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம் என்பதால் யாருக்கும் புரியவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் குனிந்து குனிந்து கேட்டார்களே, அந்தக் கேள்விதான் அவளுக்குள் விழுந்து, இரண்டு மாதம் ஊறி, வெளியே வந்திருக்கிறது. மூன்று மாதமாக அவள் ஒவ்வொரு காலையும் கண் விழித்து, தன்னைக் குளிப்பாட்ட வருகிற ஆளிடம் உன் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறாள். அந்த ஆள் ஒவ்வொரு காலையும் ஒரு கிண்ணம் பயறை நீட்டியிருக்கிறார்.

உமேஷ் பழைய சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கிளாரன்ஸ் கிண்ணத்தை டி.வி. மேல் வைத்தார். அது வைக்கிற இடம் இல்லை, சரிந்து விழுந்தது. யாரும் பொறுக்கவில்லை. அவர் அவளுக்கு எதிரே முழங்கால் போட்டு உட்கார்ந்து, "கிளாரன்ஸ்" என்றார். தன் பெயரைத் தானே சொல்லிப் பழக்கமில்லாததால் ஏதோ ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல் இருந்தது. லவினா கேட்டுக்கொண்டாள். தலையை ஆட்டவில்லை.

அன்றிலிருந்து அவர் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். ஸ்ரீரஞ்சனி, ஆள் யார் என்று தெரிந்து பெயர் மட்டும் மறந்திருக்கலாம், ஆளே தெரியாமலும் இருக்கலாம், எது என்று எங்களால் சொல்லமுடியாது அங்கிள் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டாள். கேட்கும்போதெல்லாம் சலிக்காமல் சொல்லுங்கள் என்றாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்டால் முப்பது தடவை சொன்னார். சுவர் வழியாக எனக்குக் கேட்கும். ஹெசரு? கிளாரன்ஸ். ஹெசரு? கிளாரன்ஸ். ஒருநாள் அவர் பதிலை மாற்றினார்.

"லவி, எம் பேரு ஏங்க. நீ வச்ச பேரு. நான்தான் ஏங்க."

நான் காதைச் சுவரோடு வைத்துக்கொண்டிருந்தேன். ஹெசரு? என்றாள் அவள்.

எனக்கு அவர் சொன்னது இதுதான்: கிளாரன்ஸ் என்கிற பெயர் அவள் வாய்க்குள் போனதே இல்லை, பீடத்தில் ஒருதடவை போனதும் தும்மலில் போய்விட்டது, போடாத விதை எப்படி முளைக்கும் என்றார். சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியது நான்தான், முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள், பேரைச் சொல்லு என்று கேட்டிருக்கலாம், அவள் வெட்கப்பட்டாவது சொல்லியிருப்பாள், நான்தான் ஏங்க போதும் என்று இருந்துவிட்டேன் என்றார்.

ஆகஸ்டில் ஆறு மாதம் முடிந்தது. அந்த வாரம் முளைகட்டுவதை விட்டுவிட்டார். கடைசியாக ஊறவைத்த பாத்திரம் மூடியபடி கிடந்து புளித்து, நுரைத்து, சந்து முழுக்க நாறியது. நான்தான் போய்க் கொட்டிக் கழுவினேன். ஆனால் அந்த இரண்டு வாய் பயறும் இல்லாமல் அவள் வேறு எதையும் சரியாகத் தின்னவில்லை. நாலாம் நாள் ஒரு கைப்பிடி ஊறவைத்தார். முளைத்ததும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போனார்.

லவினா கிண்ணத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கேட்கவில்லை. சொன்னாள்.

"உமேஷ்."

இந்த முறை அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகத்தான் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"முளைச்சிருச்சு டீச்சரக்கா" என்றார். "வேற பயறு."

சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் சிரிக்கவில்லை. திருத்திப் பாருங்கள் என்றேன். பார்த்தாராம். கிளாரன்ஸ் என்று சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்து, தலையை இல்லை இல்லை என்று ஆட்டி, அவர் மார்பில் விரலால் குத்தி, உமேஷ், உமேஷ் என்று சொல்லிக் கடைசியில் அழுதுவிட்டாளாம். ஆறு மாதமாகத் தேடிக் கடைசியில் கண்டுபிடித்த ஒரு பெயரை இந்த மனுஷன் பிடுங்கப் பார்க்கிறானே என்கிற மாதிரி. உமேஷ்தான் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் சாப்பிட்டாளாம். அதிலிருந்து அவள் உமேஷ் என்று கூப்பிடுவாள், இவர் ஹௌதம்மா என்பார். ஆமாம்மா என்று, அந்தச் சிலிண்டர்காரர் அம்மா என்ற மாதிரியே. எனக்குச் சுவர் வழியாக இரண்டும் கேட்கும்.

செப்டம்பரில் ஒரு காலை அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுப்பில் பெரிய குண்டான், தளதளவென்று வெறும் தண்ணீர் கொதிக்கிறது. மதியமும் கொதித்தது. மறுநாளும். கஷாயமா கிளாரன்ஸ் என்று கேட்டேன்.

"சிலிண்டர் தீரணும்" என்றார்.

அவர் யோசித்திருப்பதைச் சொன்னார். தான் சொல்கிற எந்தப் பெயரும் அவளுக்குள் இறங்கவில்லை. அந்த ஆள் ஒரு தடவை சொன்னது இறங்கிவிட்டது. ஆகவே சிலிண்டர் தீர்ந்து அந்த ஆள் வந்தால், அவர் வாயாலேயே கிளாரன்ஸ் என்று சொல்லச் சொல்லலாம். அப்படியே இறங்கினாலும் அவள் அந்த ஆளைத்தானே கிளாரன்ஸ் என்பாள், உங்களை இல்லையே என்றேன். பரீட்சைத் தாள் திருத்தின புத்தி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

அவர் குண்டானில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் சேர்த்தார். கொதி அடங்கியது.

"யாரையாவது பாத்துச் சொல்லட்டும் டீச்சரக்கா. அவ வாயில ஒரு தடவை கேக்கணும்."

மாதக் கடைசியில் உமேஷ் வந்தார். வாசலிலேயே கிளாரன்ஸ் அவரை நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதருக்குப் பாதி புரிந்ததோ என்னவோ, கண் கலங்கிவிட்டது. சொந்தப் பெயரை மாற்றிச் சொல்ல அவருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. ஆனாலும் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு லவினாவின் முன்னால் போய் நின்றார்.

அவள் கையைத் தூக்கினாள். "ஹெசரு?"

"கிளாரன்ஸ், அம்மா" என்றார் உமேஷ்.

நன்றாகத்தான் சொன்னார். கிளாரன்ஸ் சொன்னதை விட நன்றாக. லவினா அவர் வாயையே பார்த்தாள். அவள் உதடு லேசாகக் குவிந்ததை நான் பார்த்தேன். கிளாரன்ஸும் பார்த்திருக்க வேண்டும், என் பக்கத்திலிருந்து ஒரு அடி முன்னால் வைத்தார். தெருவில் காய்கறி வண்டிக்காரர் தக்காளி தக்காளி என்று கத்திக்கொண்டு போனார். நான் ஓடிப்போய் அந்த வண்டிக்காரர் வாயை மூடத் தயாராக இருந்தேன்.

லவினா தலையை ஆட்டினாள், ஜூலையில் ஆட்டியதுபோலவே. உதடு பழையபடி ஆயிற்று. ஒன்றும் சொல்லவில்லை. உமேஷ் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் காலி சிலிண்டரை எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் இருக்க உருட்டாமல் தோளில் தூக்கிக்கொண்டு போனார்.

அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். "உமேஷ்" என்றாள் புருஷனைப் பார்த்து. பசி போலிருக்கிறது.

"ஹௌதம்மா" என்று அவர் கிண்ணத்தை எடுக்கப் போனார்.

அன்று சாயங்காலம் பால் வாங்கிவரும்போது அந்த ஜன்னலைக் கடந்தேன். புதுச் சிலிண்டர் மாட்டியாயிற்று. கம்பியில் வேட்டித் துணியில் ஒரு கைப்பிடிப் பயறு தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் அடுப்பை முழுசாக எரியவிட்டு, குண்டான் நிறைய வெறும் தண்ணீரை வைத்து, அது கொதிக்கிறதா என்று கிளாரன்ஸ் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.